நான்கு பேர் குறைவு

தேர்தல் முடிந்து ஏழாம் நாள் மாலை, கோலீன் ஷுமாக்கர் தன் காப்பீட்டு அலுவலக மேசைமேல் ஒரு தாளை வைத்தாள். அதன்மேல் கைபேசியையும் வைத்தாள், தாள் பறந்துவிடும் என்பதுபோல. அறையில் காற்றே இல்லை.

"நாலு," என்றாள். "நாலே நாலு பேரு, யெசி. எனக்கு நெஞ்சு வலிக்குது."

யெசேனியா ப்ராவோ கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். பெல்மோர் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் அவள். கூட்டத்தில் பேசச் சொன்னால் கழிப்பறைப் பக்கம் நழுவிவிடுவாள். கோலீன் நடத்தும் பள்ளிக் கடன் பத்திரக் குழுவில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை, உறைகளில் முகவரி ஒட்டுவது. இப்போது ஒட்ட எதுவும் மிச்சமில்லை.

புதுப் பள்ளி கட்டக் கடன் வாங்க இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் 'வேண்டும்' என்று சொல்ல வேண்டும். கூடவே, போட்டவர்களின் எண்ணிக்கை கடந்த நவம்பர்த் தேர்தலில் போட்டவர்களில் நாற்பது சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பெல்மோர் முதல் வாசலில் இரண்டு முறை தடுக்கி விழுந்திருக்கிறது. இந்தத் தடவை அறுபத்திரண்டு சதவீதம், தாண்டியாயிற்று. ஆனால் நவம்பரில் நடந்தது ஜனாதிபதித் தேர்தல். அன்று படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள்கூட ஓட்டுப் போட்டிருந்தார்கள். அதில் நாற்பது சதவீதம் என்றால் 2316. பிப்ரவரிப் பனியில் எண்ணி முடித்தது 2312.

எதிர்த்தரப்பு இதை முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தது. 'வேண்டாம்' என்றுகூடப் போடாதீர்கள், தபாலில் வீட்டுக்கு வந்த சீட்டை அடுப்பில் போடுங்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"இன்னும் எட்டு உறை பிரிக்காமக் கெடக்கு," என்றாள் கோலீன். "கையெழுத்து சரியில்லன்னு கவுண்டி தேர்தல் ஆபீஸ்ல நிறுத்தி வெச்சிருக்காங்க. வியாழக்கிழமை நாலரைக்குள்ள உறைய அனுப்பினவங்க ஒரு படிவத்துல மறுபடி கையெழுத்துப் போட்டுக் குடுத்தா எண்ணுவாங்க. இல்லன்னா குப்பை. பேரு, விலாசம் எல்லாம் இதுல இருக்கு. யாரு கேட்டாலும் குடுப்பாங்க."

"அவங்க 'வேண்டாம்'னு போட்டிருந்தா?"

"போட்டிருக்கட்டுமே! நமக்கு இப்ப தேவை தலைதான், மனசு இல்ல. எட்டு பேரும் 'வேண்டாம்'னு போட்டாலும் அறுபதுக்குக் கீழ எறங்காது. தலை மட்டும் நாலு வேணும்."

யெசேனியா தாளைப் பார்த்தாள். எட்டு பெயர்கள். மூன்றாவது பெயரில் அவள் கண் நின்றது. வெர்னா ஹோல்கம்.

"ஆமா, அவதான்," என்றாள் கோலீன். "அவ வீட்டு வேலியில இருக்கற 'வேண்டாம்' போர்டு பெருசா, நம்ம பள்ளிக்கூடம் பெருசான்னு தெரியாது. அவளக் கடைசியா வெச்சுக்குவோம்."

பள்ளி உண்மையிலேயே சின்னதுதான். சியாட்டிலிலிருந்து மலை தாண்டி வந்தவர்கள் ஆப்பிள் தோப்புகளை வெட்டி எழுப்பிய வீடுகளில் குடியேறி ஏழு வருடம் ஆகிறது. நானூறு பிள்ளைகளுக்குக் கட்டிய இடத்தில் எழுநூறு பேர். முதல் பந்தி மதியச் சாப்பாடு காலை பத்தேகாலுக்கு. யெசேனியாவின் வகுப்பறை லாரியில் வந்து இறங்கிய தகரப் பெட்டி, எண் பதினொன்று. அதற்கெல்லாம் அவள் பழகிவிட்டாள்.

பழக முடியாதது ஆகஸ்டில் வரவிருந்தது. பத்திரம் ஜெயித்தால் கட்டி முடியும்வரை தகரப் பெட்டிகளோடு ஓட்டுவார்கள்; தோற்றால் பள்ளிகள் இரண்டு ஷிப்ட். ஆரம்பப் பள்ளி காலை ஆறே முக்கால் முதல் பதினொன்றரை வரை. நடுநிலைப் பள்ளி மதியம் பன்னிரண்டரை முதல் மாலை ஆறரை வரை. அவளுடைய மகள் இட்செல் இரண்டாம் வகுப்பு. கணவன் ஆப்பிள் லாரி ஓட்டுகிறான், வாரத்தில் ஐந்து நாள் வெளியூர். மகள் வீடு திரும்பும் நேரத்தில் இவள் கிளம்ப வேண்டும். இவள் திரும்பும் வரை எட்டு வயதுக் குழந்தை யார் வீட்டிலாவது இருக்க வேண்டும். விடுதியில் ஒரே அறையில் ஆள் மாற்றி ஆள் தூங்குவதுபோல அவர்கள் ஒரு வீட்டில் வாழ வேண்டும். அவள் இதைக் குழுவில் சொன்னதில்லை. தன் வீட்டுக் கதையைச் சொல்லி ஓட்டுக் கேட்பது அவளுக்குக் கூச்சம்.

புதன்கிழமை மாலைக்குள் மூன்று பேர் கிடைத்தார்கள். ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ரென்ஃப்ரோ கையெழுத்தே போடாமல் உறையை அனுப்பியிருந்தார். "என் மறதியப் பாரேன், கண்ணு," என்று உடனே போட்டுக் கொடுத்து, ஓட்ஸ் பிஸ்கட்டை ஒரு டப்பா நிறைய யெசேனியாவின் கையில் திணித்தார். புதிதாகக் கல்யாணமான கெய்ட்லின் என்ற பெண் புருஷனின் குடும்பப் பெயரைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். புல்மனில் கல்லூரியில் படிக்கும் ஒருவனைக் கோலீன் தொலைபேசியிலேயே விரட்டிப் படிவத்தைப் படமெடுத்து அனுப்ப வைத்தாள்.

மற்றவர்கள் கிடைக்கவில்லை. ஒரு தம்பதி குளிருக்குப் பயந்து அரிசோனா போய்விட்டது, ஏப்ரலில்தான் வரும். ஒருவரின் எண் உபயோகத்தில் இல்லை. ஒரு வீட்டில் அம்மா கதவைத் திறந்து, "அவன் வேலைக்குப் போயிட்டான், அதான் நானே அவன் பேர்ல போட்டுட்டேன். இப்பவும் நானே போடட்டுமா?" என்றாள். அது குற்றம் என்று யெசேனியா மெல்லச் சொன்னதும் கதவு சாத்திக்கொண்டது.

மிச்சம் வெர்னா.

"நீ போ," என்றாள் கோலீன். "என் மொகத்தப் பாத்தா அவ நாய அவுத்து விடுவா. நீ சாது. கையெழுத்துப் பொருந்தல, இங்க போடுங்கன்னு மட்டும் சொல்லு. வேற ஒரு வார்த்த பேசாத. உனக்கு அது கஷ்டமும் இல்லயே."

வெர்னா ஹோல்கம் தோப்பில் இருந்தாள். ஐம்பத்தெட்டு வயது, கணவனின் பழைய கோட்டு, வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. கவாத்துக் காலம். இரண்டு ஆட்கள் மூன்றுகால் ஏணிகளில் நின்று கிளைகளை வெட்டிக்கொண்டிருக்க, இவள் கீழே நின்று இடது கையால் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அது இல்ல, அதுக்குப் பக்கத்துல. மரத்த மொட்டையடிச்சுடாதப்பா." திரும்பிப் பார்த்தாள். "யாரு? வீடு விக்கறவளா? தோப்பு விக்கறதுக்கில்ல."

"இல்லங்க. நான் டீச்சர். நடுநிலைப் பள்ளி."

"அப்ப வீடு விக்கறவளே தேவல. என்ன வேணும்?"

யெசேனியா படிவத்தை எடுத்தாள். "உங்க ஓட்டு உறையில கையெழுத்து பொருந்தலன்னு…"

"கடுதாசி வந்துது. முப்பது வருஷமா என் கையெழுத்தப் பாத்தவனுங்க, இது நான் இல்லன்னு எனக்கே எழுதறானுங்க. ஜனவரியில ஏணியிலருந்து விழுந்தேன். இடது கையில போட்டா எப்படிப் பொருந்தும்? குடு இங்க."

அவள் ஆப்பிள் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் படிவத்தை அதன்மேல் வைத்தாள். இடது கையில் பேனாவைப் பிடித்தாள். பேனா முனை கையெழுத்துக் கோட்டின்மேல் வந்து நின்றது.

இன்னும் இரண்டு நொடி. யெசேனியாவால் எண்ண முடிந்தது.

"மிஸஸ் ஹோல்கம்."

"என்ன?"

"நீங்க கையெழுத்துப் போட்டா உங்க ஓட்ட எண்ணுவாங்க. எண்ணினா, பத்திரம் ஜெயிச்சிடும்."

வெர்னா நிமிரவில்லை. "நான் என்ன போட்டேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆனா போர்டு இருக்கு."

"இருக்கு."

"'வேண்டாம்'னு போட்டிருந்தாலும் ஜெயிச்சிடும். ஓட்டுப் போட்டவங்க எண்ணிக்கையில குறையுது. நாலு குறைஞ்சுது. மூணு வந்தாச்சு. நீங்க நாலாவது. தெரிஞ்சுதான் நீங்க போடணும்னு தோணுச்சு."

ஏணியில் இருந்த ஆட்கள் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். வெர்னா பேனாவைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது யெசேனியாவின் பேனா.

"அந்த ஷுமாக்கர் பொம்பள இதச் சொல்லச் சொன்னாளா?"

"சொல்லக் கூடாதுன்னாங்க."

"அவ புத்திசாலி. நீ வீட்டுக்குப் போ, டீச்சரம்மா. இருட்டினா ரோடு வழுக்கும்."

படிவம் பெட்டிமேலேயே கிடந்தது. யெசேனியா அதை எடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. காரில் உட்கார்ந்து இன்ஜினைப் போட்டாள். தோற்றால் ஆறு மாதம் கழித்து மகளிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள். நான் ஒரு பொம்பளையிடம் உண்மையைச் சொன்னேன், அதனால் நீ சாயங்காலங்களில் பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும் என்றா?

நடந்ததைக் கோலீனிடம் தொலைபேசியில் சொன்னாள். கோலீன் வெடித்தாள்.

"வாய் இல்லாத பொண்ணுன்னு உன்ன அனுப்பினேன். வருஷத்துக்கு ஒரு தடவ வாயத் தொறக்கற, அத இன்னிக்கா தொறக்கணும்? ரெண்டு வருஷம்டி! ரெண்டு வருஷமா வீடு வீடா ஏறி எறங்கியிருக்கேன்!"

"தெரியும்."

"பொய் சொல்லுன்னா சொன்னேன்? சும்மா இருன்னுதானே சொன்னேன்!"

"தெரியும், கோலீன்."

"தெரியும் தெரியும்னு சொல்லாத, அழுக வருது," என்று வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் பள்ளி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். யாரோ ஹோல்கமாம், தொலைபேசியில். யெசேனியா தகரப் பெட்டியிலிருந்து பனியில் ஓடினாள்.

"நாலரைக்குத்தானே மூடறான்?" என்றது குரல்.

"மிஸஸ் ஹோல்கம், இது பள்ளி போன். இதுல பத்திரத்தப் பத்திப் பேசக் கூடாது. சட்டம்."

"நான் எங்க பத்திரத்தப் பத்திப் பேசினேன்? கடை எப்ப மூடறான்னு கேட்டேன்."

"என் கைபேசியிலருந்து கூப்பிடறேன். ஒரு நிமிஷம்."

வாகனம் நிறுத்தும் இடத்தின் கடைசிக்குப் போய் நின்று கூப்பிட்டாள். வெர்னா சுருக்கமாகப் பேசினாள். படிவத்தை யார் கையிலும் கொடுத்தனுப்ப மாட்டாள். கவுண்டி அலுவலகத்தில் தானே கொடுப்பாள். ஆனால் அவளுடைய டிரக் கியர் போட்டு ஓட்டுவது, வலது கை வேண்டும். தோப்பு ஆட்களை அனுப்பினால் அரை நாள் கவாத்து போய்விடும். "டுவேனக் கூப்பிடலாம். சீட்ட அடுப்புல போடுன்னு ஊர் பூரா சொன்னவன் அவன்தான். வர மாட்டான். உனக்கு எப்ப வகுப்பு முடியுது?"

"ரெண்டு அம்பது."

"நாப்பது மைல். பனி. பாத்து வா."

கொடுக்கப் போகிறேன் என்றாளே தவிர, என்ன நினைத்துக் கொடுக்கிறாள் என்று சொல்லவில்லை. யெசேனியா கேட்கவும் இல்லை.

இட்செலைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு அவள் தோப்பு வாசலுக்கு வந்தபோது மணி மூன்று பத்து. வெர்னா தலை வாரி, நல்ல கோட்டு போட்டிருந்தாள். பெரிய கால்வாயை ஒட்டிய ரோட்டில் கார் போயிற்று. இரண்டு பக்கமும் ஒரே சாயல் வீடுகள்.

"இது லின்ட்குவிஸ்ட் தோப்பா இருந்துது," என்றாள் வெர்னா. "வீடு கட்டி வித்தவன் இப்ப ஐடஹோவுல ஏரிக்கரையில ஒக்காந்திருக்கான். அவன் கொண்டுவந்து எறக்கின புள்ளைங்களுக்கு நான் பள்ளிக்கூடம் கட்டணும். என் நெலத்துக்கு வரி ஏறும். மரம் அதே மரம், காய் அதே காய்."

"கட்டறவங்க குடுக்கணும்தான்," என்றாள் யெசேனியா.

"அப்ப ஏன் எனக்கு ஓட்டுச்சீட்டு அனுப்பறீங்க?"

"ஏன்னா சட்டம் அவங்ககிட்ட கொஞ்சமாத்தான் கேக்குது. பசங்க ஏற்கெனவே வந்துட்டாங்க."

பின்சீட்டிலிருந்து இட்செல் தலையை நீட்டினாள்.

"கட்டுப் போட்டா எங்க கிளாஸ்ல எல்லாரும் அதுல பேரு எழுதுவோம். உங்க கட்டுல யாருமே எழுதலயா?"

"இல்ல."

"ஏன்? உங்களுக்கு ஃபிரெண்ட்ஸ் இல்லயா?"

"இட்செல்," என்றாள் யெசேனியா.

"இருந்தாங்க," என்றாள் வெர்னா. "ஓட்டுப் போட்டேன்னு சொன்னதும் பாதிப் பேரு பேசறதில்ல. பேனா வெச்சிருக்கியா? இந்தா, உங்கம்மாவோடது. எழுது. பொருந்தற மாதிரி எழுது, இல்லன்னா கடுதாசி போடுவான்."

குழந்தை நாக்கைக் கடித்துக்கொண்டு நிதானமாக எழுதியது. கார் ஒரு மைல் போயிற்று.

"நான் 'வேண்டாம்'னுதான் போட்டேன்," என்றாள் வெர்னா, ரோட்டைப் பார்த்தபடி.

"சரிங்க."

"நேத்து ராத்திரி ஒக்காந்து யோசிச்சேன். கையெழுத்துப் போடாம விட்டா நான் ஜெயிச்சேன். எப்படி ஜெயிச்சேன்? ரெண்டாயிரத்து முன்னூறு பேரு போட்டத, நான் ஒருத்தி அடுப்படியில ஒக்காந்து இல்லன்னு பண்ணினேன். அவ்வளவு பெரிய ஆளா நான்? எனக்குன்னு சட்டம் ஒரு ஓட்டுக் குடுத்திருக்கு. ஒண்ணே ஒண்ணு. அத எண்ணச் சொல்றேன், அவ்வளவுதான்." சற்று நிறுத்தினாள். "நீ சொல்லாம இருந்திருந்தா நேத்தே போட்டிருப்பேன். அப்புறம் விஷயம் தெரிஞ்சு, செத்தாலும் உங்க யாரையும் மன்னிச்சிருக்க மாட்டேன். மெதுவாப் போ, இங்க மான் குறுக்க வரும்."

கவுண்டி அலுவலகத்தில் நுழைந்தபோது நாலேகால். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு இளைஞன் படிவத்தை வாங்கி, திரையைப் பார்த்து, மறுபடி படிவத்தைப் பார்த்தான்.

"இதுல கையெழுத்து இல்லயே?"

"உன் முன்னாடி போடலாம்னுதான். அப்புறம் சந்தேகம் வராதுல்ல?"

அவள் பேனாவை இடது கையில் பிடித்தாள். யெசேனியா சுவரில் இருந்த வேட்டை உரிம அறிவிப்பைப் படிக்கத் தொடங்கினாள். ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை. பேனா தாளில் உரசும் சத்தம் நீண்டது, நின்றது, மறுபடி தொடர்ந்தது. வெர்னாவின் பெயரில் அத்தனை எழுத்து இருக்கிறதா என்ன?

"பொருந்துதுங்க," என்றான் இளைஞன். "உறையில இருக்கற மாதிரியே கோணலா இருக்கு. இனிமே இதுதான் உங்க கையெழுத்துன்னு ஏத்திக்கறேன்."

"கட்டு பிரிச்சப்புறம்?"

"அப்ப திரும்ப வாங்க."

"நாப்பது மைலு," என்றாள் வெர்னா, யாரிடமும் இல்லாமல்.

வெளியே வந்ததும் யெசேனியா வாயைத் திறந்தாள். வெர்னா கட்டுப் போட்ட கையைத் தூக்கினாள். "நன்றி கின்றின்னு ஆரம்பிச்சியோ, நடந்தே வீட்டுக்குப் போவேன். நான் உன் பக்கம் இல்ல. எனக்குப் பசிக்குது."

மூவரும் ரோட்டோரக் கடையில் பர்கர் வாங்கிக் காரிலேயே சாப்பிட்டார்கள். பேச்செல்லாம் இட்செல்தான் பேசினாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கோலீன் கூப்பிட்டாள். யெசேனியா மறுபடி பனியில் இறங்கி வாகனங்களின் ஓரத்துக்குப் போனாள்.

"ரெண்டாயிரத்து முன்னூத்திப் பதினாறு!" கோலீன் அழுதுகொண்டிருந்தாளா, சிரித்துக்கொண்டிருந்தாளா தெரியவில்லை. "அச்சா பதினாறு! ஒண்ணு கூடுதலும் இல்ல, ஒண்ணு கொறச்சலும் இல்ல. நான் உன்னத் திட்டினதெல்லாம் வாபஸ். இரு, வெக்காத, இதக் கேளு. 'வேண்டும்' நேத்து 1436. இன்னிக்கு எவ்வளவு தெரியுமா? 1437."

யெசேனியா மனதில் கழித்துப் பார்த்தாள். "ஒண்ணுதானா?"

"ஒண்ணேதான்! மத்த மூணும் 'வேண்டாம்'! வெர்னா ஒண்ணு, சரி. இன்னும் ரெண்டு பேரு யாரு? அந்தக் கல்யாணப் பொண்ணு என்னக் கட்டிப்பிடிச்சாளே! அந்தப் பையன் நல்லது நடக்கட்டும்னானே!"

"ரென்ஃப்ரோ எனக்கு பிஸ்கட் குடுத்தாரு."

"அய்யோ, அந்த பிஸ்கட்ட நானும் தின்னேனே!"

யெசேனியா சிரித்தாள். சத்தமாகச் சிரித்ததில் வாயிலிருந்து வெண்புகை வந்தது. கோலீன் மறுமுனையில் பெயர்களை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவனாயிருக்குமோ, அவளாயிருக்குமோ.

"விடு, கோலீன்," என்றாள் யெசேனியா. "அது உறைக்குள்ள இருந்த விஷயம்."

ஆரம்பப் பள்ளி விடும் நேரம். தெருவைக் கடந்தால் வாசல். இட்செல் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தாள்.

"ஜெயிச்சுதா, அம்மா?"

"ஜெயிச்சுது."

"அப்ப ஆகஸ்ட்லயும் நாம சேர்ந்துதான் கெளம்புவோமா?"

"ஆமா. தொப்பியப் போடு."